தேக்கு தானாகவே மிதக்குமே, மரக் கம்பெனிக்குப் பார்ஜ் எதற்கு?

கடோகரையான் (மோல்மேன்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கொள்ளுத்தாத்தா இங்கே மோல்மேனில் ஒரு மர ஆலையில் பார்ஜ் என்ற சரக்குப் படகுக்கு மேஸ்திரியாக இருந்தவர். ஆலையின் பெயர் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. "வெள்ளைக்காரன் மில்" என்றுதான் பாட்டி சொல்வார். பர்மா மர வியாபாரத்தைப் பற்றி எதைப் படித்தாலும் யானை, தெப்பம், ஆற்று வெள்ளம் என்றே எழுதியிருக்கிறார்கள். தேக்கைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் விட்டால் அது பாட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். அப்படியிருக்க, மரப் படகு எதைச் சுமந்தது? அதற்கு ஒரு மேஸ்திரி வேறு எதற்கு?

இன்னொன்று. எங்கள் பழைய வீட்டின் வாசல்படி அந்தப் பார்ஜிலிருந்து வந்த கட்டை என்கிறார்கள். அதை உறுதிசெய்ய வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஈரமரம் (யாங்கோன்)

தம்பி, தேக்கு மிதக்கும் என்பதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பச்சைத் தேக்கு மிதக்காது. அதனால்தான் மரத்தைச் சாய்ப்பதற்கு முன்பே, அடிமரத்தைச் சுற்றிப் பட்டையும் வெளிமரமான வெளிறும் போக, உள்ளிருக்கும் வைரம் வரை வளையமாக வெட்டிவிடுவார்கள். மரம் நின்ற நிலையிலேயே செத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் காயும். பிறகுதான் கோடரி. எந்த மரத்துக்கு வளையம் போடலாம், எந்தச் சுற்றளவுக்குக் குறைந்ததைத் தொடக்கூடாது என்று ஒழுங்கு வந்தது 1856இல் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்ற டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் காலத்தில். அதற்கு முன்பு தெற்கே உங்கள் தெனாசெரிம் பக்கத்தில் வந்தவன் போனவன் எல்லாம் வெட்டித் தீர்த்துவிட்டான்.

சாய்த்த மரத்தை யானை இழுத்துவந்து வறண்ட ஓடையில் போடும். மழை வந்து ஓடை பெருகினால் கட்டை நகரும். மழை ஏமாற்றினால் அடுத்த ஆண்டு வரை அங்கேயே கிடக்கும். காட்டில் வளையம் போட்ட மரம் துறைமுகம் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை மனத்தில் வையுங்கள். இந்த வியாபாரத்தில் கடன் ஏன் அவ்வளவு புரண்டது, சிறு முதலாளிகள் ஏன் தாக்குப்பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் காரணம் அதில்தான் இருக்கிறது.

உங்கள் சால்வீன் ஆறு இன்னும் மோசம். ஹட்ஜி என்ற இடத்தில் பாறையும் சுழலுமாக ஆறு பாய்வதால், மேலேயிருந்து தெப்பமாகக் கட்டிக்கொண்டு வர முடியாது. சயாம் எல்லையில் தௌஞ்சின் ஆற்றில் விட்ட கட்டைகளும் சால்வீனில் ஒற்றை ஒற்றையாகத்தான் மிதந்துவரும். கீழே ஆற்றின் குறுக்கே பிரம்பு வடம் கட்டி அவற்றைப் பிடிப்பார்கள். பிடித்ததைத் தெப்பமாக்கி, கடோவில் இருந்த அரசாங்கக் கிடங்குக்குக் கொண்டுவந்து, அடிக்கட்டையில் சுத்தியலால் பதித்த முத்திரையைப் பார்த்து யாருடையது என்று பிரித்து, வரி கட்டியபின் மோல்மேன் ஆலைகளுக்கு அனுப்புவார்கள்.

இதுவரை பார்ஜுக்கு வேலையே இல்லை. ஆலையில் வாள் ஓடி முடிந்த பிறகுதான் வேலை. முழுக் கட்டையைத் தண்ணீரில் விடலாம். அறுத்த பலகையை விட முடியுமா? சேறு படியும், கறை பிடிக்கும், எண்ணிக்கை போகும். பெரிய கப்பல்கள் நடு ஆற்றில் நங்கூரமிட்டு நின்றன. ஆலைத்துறையிலிருந்து கப்பலின் விலா வரை பலகையைக் கொண்டுபோனது பார்ஜ்தான். சதுரமாகச் செதுக்கிய பெருங்கட்டைகளைக்கூட மிதக்கவிட்டே கொண்டுபோய், கப்பலின் முகப்பில் அதற்கென்றே வெட்டிய வாயில் வழியாக உள்ளே இழுத்துவிடுவார்கள். பலகைக்கு அந்த வசதி கிடையாது.

தண்டவாளம் (தட்டோன்)

ஈரமரம் ஐயா தேக்கிலேயே நின்றுவிட்டார். பிங்காடோவை விட்டுவிட்டீர்களே!

பிங்காடோ என்கிற இரும்புமரம் தண்ணீரைவிடக் கனம். ஆற்றில் போட்டால் நேராக அடிக்குத்தான் போகும். அதைத் தெப்பமாக்க வேண்டுமென்றால் இருபுறமும் மூங்கில் கற்றைகளைக் கட்டித் தூக்கிப்பிடிக்க வேண்டும். கட்டு அவிழ்ந்தால் கட்டை போனது போனதுதான். ரயில் வந்ததும் அதே மரத்துக்குத்தான் கிராக்கி. 1877இல் ரங்கூன்–புரோம் பாதை, 1885இல் தௌங்கூ வரை, 1889இல் மண்டலை வரை, 1907இல் பெகுவிலிருந்து மர்த்தபான் வரை என்று பாதை நீள நீள, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் கட்டைகள் லட்சக்கணக்கில் தேவைப்பட்டன. பிங்காடோவைக் கரையான் அரிக்காது. காட்டிலேயே கைவாளால் அறுத்து, ஓடைக்கரை வரை மாட்டுவண்டியில் கொண்டுவந்து, அங்கிருந்து படகில் ஏற்றுவார்கள். உள்நாட்டு ஆறுகளில் மரம் சுமந்த படகு என்றால் முதலில் எனக்கு நினைவுக்கு வருவது இந்தக் கட்டைப் படகுதான், கப்பலுக்குப் பலகை கொண்டுபோனது இல்லை.

விறகையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீராவிப் படகுகள் கரை கரையாக நின்று விறகு ஏற்றிய காலம் அது. கரையில் அடுக்கிய விறகு தானாக நடந்தா வந்தது?

கடோகரையான் (மோல்மேன்)

மிக்க நன்றி, இருவருக்கும். வாசல்படிக் கட்டையைக் கழுவிப் பார்த்தேன். கருஞ்சிவப்பு. நாலடி நீளம். உளி இறங்க மறுக்கிறது. ஓரத்தில் விழுந்த ஒரு சில்லைத் தண்ணீர்ச் செம்பில் போட்டால் மூழ்குகிறது. மேல்பக்கம் வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் கருப்பாகக் கறை.

தண்டவாளம் (தட்டோன்)

அப்படியானால் அது தேக்கே இல்லை. பிங்காடோவாக இருக்க வேண்டும். இப்போது சந்தேகம் என் பக்கம் சாய்கிறது: உங்கள் "பார்ஜ் கட்டை" ரயில் கட்டையாக இருக்கலாம். பர்மா ரயில்பாதை மீட்டர் அகலம். கட்டையின் இரு முனைப் பக்கமும் ஆணி ஓட்டைகள் கூட்டமாக இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. போர்க்காலத்துக்குப் பிறகு எத்தனை வீட்டு வாசலில், எத்தனை பாலத்தில், எத்தனை மாட்டுத்தொழுவத்தில் ரயில் கட்டை கிடந்தது என்று எங்கள் தட்டோனில் கேட்டுப்பாருங்கள்.

கடோகரையான் (மோல்மேன்)

ஓட்டைகள் முனையில் கூட்டமாக இல்லை, ஐயா. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளியில் இரண்டிரண்டாக வருகின்றன.

தோணித்துறை (மோல்மேன்)

அது படகுக் கட்டைதான். சந்தேகம் வேண்டாம்.

எங்கள் குடும்பம் தூத்துக்குடியில் தோணி கட்டியவர்கள். பாட்டன் காலத்தில் இங்கே வந்து படகுப்பட்டறையில் சேர்ந்தார்கள். படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டையான ஏராவுக்குக் குறுக்கே படுக்கவைக்கும் அடிவங்கு என்று ஒன்று உண்டு. அதன் அடியில் பலகைகள் நீளவாக்கில் ஓடும். ஒவ்வொரு பலகைக்கும் இரண்டு ஆணி. ஒரு சாண் இடைவெளி என்றால் பலகையின் அகலம் ஒரு சாண். கணக்குப் பொருந்துகிறது. கறைக்கும் காரணம் உண்டு: தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் இரும்பாணி நெடுநாள் கெடாமல் கிடக்கும். கப்பல் கட்டுகிறவர்கள் தேக்கின் மேல் உயிரை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். வேறு மரங்களில் ஆணி துருப்பிடித்துச் சுற்றிலும் கருக்கும். ஆகவே வங்குக்குப் பிங்காடோ, பலகைக்குத் தேக்கு என்று கட்டியிருக்கிறார்கள்.

பார்ஜின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், கேட்க ஆள் கிடைப்பதே அபூர்வம். ஐராவதியில் ஓடிய பழைய பர்மியப் படகுகள் வேறு ஜாதி. ஒரே மரத்தைக் குடைந்து, தீமூட்டி வாயை விரித்து, மேலே பலகை வைத்து உயர்த்துவார்கள். தெனாசெரிம் பக்கத்தில் அதற்குத் திங்கான் மரத்தை விரும்பினார்கள். பின்பக்கம் உயர்ந்து, சுக்கான் பிடிப்பவனுக்குச் சிற்பம் செதுக்கிய ஆசனம் இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று ஆற்றை எதிர்த்து மேல்நோக்கி வீசுவதால் பாய் விரித்து மேலே போவார்கள். இறங்கும்போது நீரோட்டம் பார்த்துக்கொள்ளும். அழகான ஏற்பாடு.

ஆலைப் பார்ஜில் அழகு என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அடி தட்டை, பக்கம் செங்குத்து, முன்னும் பின்னும் மழுங்கல். அடி ஏன் தட்டை? மோல்மேனிலும் ரங்கூனிலும் கடலின் ஏற்றவற்றம் கடுமை. ஓடைத்துறையில் தண்ணீர் வற்றும்போது பார்ஜ் சேற்றில் உட்கார்ந்துவிடும். அடி கூராக இருந்தால் சாய்ந்து, ஏற்றிய பலகை அத்தனையும் சேற்றில் கொட்டும். பலகைச் சந்துகளில் பஞ்சும் குங்கிலியமும் வைத்துக் கலப்பத்து அடிப்பார்கள். மேலே யெனாஞ்சௌங் கிணறுகளிலிருந்து வந்த மண்ணெண்ணெய். விளக்கில் ஊற்றுகிற வெள்ளை எண்ணெய் அன்று, பூமியிலிருந்து எடுத்தபடியே கருத்துக் கெட்டியாக இருப்பது. வீட்டுச் சுவருக்கும் அதையே பூசினார்கள். உப்புத்தண்ணீர் ஏறும் இடத்தில் கப்பல்புழு மரத்துக்குள் துளையிட்டுக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் ஊசிமுனை ஓட்டை, உள்ளே தேன்கூடு. ஆகவே அடிக்கடி கரையேற்றிக் காயவைத்துப் பூச வேண்டும்.

இதே ஊரில்தான் ஒருகாலத்தில் கடலோடும் கப்பல்களும் கட்டினார்கள். பிரிட்டிஷ் கடற்படையின் மலாக்கா என்ற நீராவிப் போர்க்கப்பல் 1853இல் மோல்மேனில் இறக்கப்பட்டது. சக்சஸ் என்ற கப்பல் 1840இல் தெனாசெரிம் கரையில் நாட்மூவில் கட்டப்பட்டு, ஆஸ்திரேலியாவில் கைதிகளை அடைத்துவைக்கப் பயன்பட்டு, கடைசியில் அமெரிக்காவின் ஈரி ஏரியில் 1946இல் எரிந்துபோனது. கட்டியவர்கள் எண்ணெய் பூசத் தெரிந்தவர்கள் என்பதற்கு நூறாண்டு தாண்டி வாழ்ந்த அந்த உடம்பே சாட்சி. கப்பல்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதினார்கள். பார்ஜுக்கு எண்தான் போட்டார்கள்.

பர்மா பஜார் பேரன் (சென்னை)

அருமையான இழை. படிக்கப் படிக்கப் பெருமையாக இருக்கிறது. பர்மாவின் மர வியாபாரத்தையே தமிழர்கள்தான் தூக்கி நிறுத்தினார்கள் என்று இதிலிருந்து தெரிகிறது. காட்டிலும் நாம், ஆற்றிலும் நாம், ஆலையிலும் நாம், கடன் கொடுத்ததும் நாம்!

சித்தாங் அக்கா (பெகு)

தம்பி, கல்யாண வீடென்றால் மாப்பிள்ளை, இழவு வீடென்றால் பிணம் என்று எங்கும் நாமே இருக்க வேண்டுமா?

காட்டில் யானை ஓட்டியவர்கள் கரென்களும் பர்மியர்களும் ஷான்களும். தெப்பம் ஓட்டியவர்கள் பெரும்பாலும் பர்மியர்கள். தெப்பத்தின் மேலேயே குடிசை போட்டுச் சமைத்துச் சாப்பிட்டு வாரக்கணக்கில் மிதந்து வருவார்கள். ஐராவதி ஃபுளோட்டிலா என்ற ஆற்றுப் போக்குவரத்துக் கம்பெனியின் நீராவிப் படகுகளிலும், துறைமுகச் சம்பான் என்ற சிறு படகுகளிலும் சிட்டகாங்குக்காரர்கள். ரங்கூன் துறையில் மூட்டை தூக்கியவர்களில் தெலுங்கர்கள்தான் மிகுதி. 1930 மே மாதக் கலவரம் அவர்களுடைய வேலைநிறுத்தத்தை ஒட்டித்தான் வெடித்தது, செத்தவர்களும் பெரும்பாலும் அவர்களே. தமிழர்கள் ஆலையில் இருந்தார்கள், கணக்குப்பிள்ளையாக இருந்தார்கள், மேஸ்திரியாக இருந்தார்கள். செட்டியார்கள் கடை வைத்துக் கடன் கொடுத்தார்கள். அவர்களுடைய பெரும்பணம் போனது மரத்துக்கு அன்று, நெல் வயலுக்கு. காட்டுக் குத்தகையைப் பிடித்துவைத்திருந்தவை பாம்பே பர்மா, ஸ்டீல் பிரதர்ஸ், மெக்ரிகர், ஃபின்ட்லே, ஃபௌக்கார் ஆகிய ஐந்து ஐரோப்பியக் கம்பெனிகள். செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் தேக்குத் தூண் பர்மாவிலிருந்து போனது என்பது உண்மை. தூணை வாங்கியவரும் காட்டை ஆண்டவரும் ஒருவர் இல்லை.

மேஸ்திரி என்ற வேலைக்கும் மாலை போட அவசரப்பட வேண்டாம். ஊரிலிருந்து ஆள் பிடித்து, கப்பல் கூலிக்கு முன்பணம் கொடுத்து, பிறகு அதைக் கூலியில் பிடித்துக்கொண்டே இருந்தவரும் மேஸ்திரிதான். இவருடைய கொள்ளுத்தாத்தா எப்படிப்பட்டவர் என்பது அவர் வீட்டு விஷயம். பொதுவாகச் சொல்கிறேன்.

பர்மா பஜார் பேரன் (சென்னை)

சரி அக்கா, அடங்கிவிட்டேன். ஆனால் பாம்பே பர்மாவுக்கு அபராதம் போட்டதால்தானே பர்மாவின் கடைசி மன்னர் தீபாவின் நாடு போனது? அதைப் பேசாமல் மர வியாபாரத்தைப் பேசலாமா?

சித்தாங் அக்கா (பெகு)

பேசலாம், சுருக்கமாக. நிங்யான் காட்டில் வெட்டிய கட்டைகளுக்குச் சரியாக வரி கட்டவில்லை என்று 1885இல் மன்னரின் மண்டலை மன்றம் சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் படை ஏறியது. படையைச் சுமந்துபோனவை ஃபுளோட்டிலா கம்பெனியின் நீராவிகளும், அவற்றின் விலாவில் கட்டிய ஃபிளாட் என்ற தட்டைச் சரக்குப் படகுகளும். பிரெஞ்சுக்காரர்கள் மண்டலையில் கால் ஊன்றிவிடுவார்கள் என்ற பயம் பெரிய காரணம், மரம் கைக்குக் கிடைத்த சாக்கு என்பது என் கட்சி. மன்னரை ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். காடு கம்பெனிக்குத் திரும்பியது.

எங்கள் ஆற்றைப் பற்றி யாருமே பேசவில்லை. சித்தாங் முகத்துவாரத்தில் கடல் ஏறும்போது அலைச்சுவர் ஒன்று எழுந்து ஆற்றுக்குள் ஓடிவரும். தெப்பமோ படகோ அதில் மாட்டினால் சிதறிவிடும். அதனால்தான் 1870களில் பெகு–சித்தாங் கால்வாயை வெட்டி, மதகு வைத்து, கடல் வாயைத் தொடாமல் தௌங்கூ தேக்கைப் பெகு ஆற்றுக்குத் திருப்பி, அங்கிருந்து ரங்கூனுக்குக் கொண்டுபோனார்கள். மதகுக்கு வெளியே தெப்பங்கள் முறைக்குக் காத்துக்கிடக்கும். கரையோரக் கிராமங்களில் இரவோடு இரவாகக் கட்டை காணாமல் போவதும், முத்திரையைச் செதுக்கி எடுப்பதும் தனித் தொழில். ஒதுங்கும் கட்டை யாருடையது என்பதற்கு வனச்சட்டத்தில் தனிப் பிரிவே எழுதிவைக்கும் அளவுக்கு அது நடந்தது.

கடோகரையான் (மோல்மேன்)

இந்த மரப் பார்ஜுகள் எப்போது மறைந்தன? 1942இல் எரித்துவிட்டார்கள் என்று வீட்டில் சொல்வார்கள்.

ஈரமரம் (யாங்கோன்)

எல்லாக் குற்றத்தையும் ஜப்பான்காரன் தலையில் வைப்பது நம் வீடுகளில் வழக்கம். மோல்மேனில் அதற்கு முன்பே பாதி முடிந்துவிட்டது. தெனாசெரிம் காடுகள் முதலில் காலியாயின. பிறகு சயாம் பக்கத்துக் கட்டைகளை நம்பி ஓட்டினார்கள். கடல் கப்பல் மரத்திலிருந்து இரும்புக்கு மாறியபோது படகுப்பட்டறைகளுக்கு வேலை போனது. ஆற்று வாயில் மணல்திட்டுகள் வேறு. பெரிய நீராவிக் கப்பல்கள் ரங்கூனைத் தேடிப்போயின. அங்கே அலோனிலும் டன்னிடோவிலும் ஆலைகள் பெருகின. சரக்கு இழுக்க இரும்பு ஃபிளாட்டுகள் வந்தன. ஃபுளோட்டிலா கம்பெனியிடம் 1920களில் 600க்கு மேற்பட்ட கலங்கள் இருந்தன. அவற்றை ஓட்டவும் பழுதுபார்க்கவும் டாலாவில் பட்டறை. அந்தப் பட்டறைக்கு முன்னால் கலப்பத்து அடிக்கும் மரப் பார்ஜ் எத்தனை நாள் நிற்கும்?

1942 ஜனவரி 31இல் மோல்மேன் விழுந்தது. பிப்ரவரி 23இல் சித்தாங் பாலத்தைத் தகர்த்தார்கள். மார்ச் 8இல் ரங்கூன். ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாது என்று ஃபுளோட்டிலா கம்பெனியே மண்டலையிலும் மேலேயும் தன் படகுகளை ஓட்டையிட்டு மூழ்கடித்தது. நம் ஆட்கள் மேற்கே அரக்கான் பக்கம் போகும் தௌங்கூப் கணவாய் வழியாகவும் தாமு வழியாகவும் இந்தியாவுக்கு நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. போருக்குப் பிறகு 1948இல் ஆற்றுப் போக்குவரத்தும் மரமும் அரசாங்க வாரியங்களின் கைக்குப் போயின. மிச்சமிருந்த மரப் பார்ஜுகளை யாரும் எரிக்கத் தேவையில்லை. தேக்குப் பலகைக்கு விலை இருக்கும்போது பழைய படகைப் பிரித்து வீடு கட்டுவதுதான் லாபம். உங்கள் வாசல்படி அந்த வழியில்தான் வந்திருக்கும்.

தண்டவாளம் (தட்டோன்)

1964ஐயும் எழுதுங்கள். மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று ஒரே அறிவிப்பு. கடைகளும் ஆலைகளும் அரசுடைமை. எங்கள் பெரியப்பா குடும்பம் ஒரு தகரப்பெட்டியோடு மதராஸ் கப்பலில் ஏறியது. ஆலை வேலை தெரிந்த கைகளில் பாதி அந்தக் கப்பல்களில்தான் போயின. இப்போது 2014 ஏப்ரல் முதல் முழுக்கட்டை ஏற்றுமதிக்கே தடை. அறுத்துத்தான் அனுப்ப வேண்டும். இதை நூறு ஆண்டு முன்பே சொல்லியிருந்தால் மோல்மேன் ஆலைகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஈரமரம் (யாங்கோன்)

எதை அறுக்க, ஐயா? காட்டில் மரம் வேண்டாமா?

கடோகரையான் (மோல்மேன்)

இன்னும் ஒரே ஒரு கேள்வி. பார்ஜ் ஆலையிலிருந்து கப்பல் வரை மட்டும்தான் போகும் என்றால், கொள்ளுத்தாத்தா மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வீட்டில் இருக்கமாட்டார் என்று பாட்டி சொன்னது எப்படி?

தோணித்துறை (மோல்மேன்)

மேலே போயிருப்பார். ஆலைக்கும் கப்பலுக்கும் நடுவே ஏற்றவற்றத்தைக் கணக்குப்பார்த்து ஓட்டினால் போதும். வற்றத்தில் கப்பலுக்கு இறங்கி, ஏற்றத்தில் திரும்பிவிடலாம், ஒரே நாள் வேலை. ஆனால் காட்டு முகாம்களில் யானை ஓட்டுபவர்களும் மரம் வெட்டுபவர்களும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு அரிசியும் உப்பும் ஙாப்பி என்ற மீன் விழுதும் போக வேண்டும். யானைக்கு இழுவைச் சங்கிலி, வடம், கோடரி போக வேண்டும். ஜியாயிங் ஆற்றில் நீராவிப் படகு இழுக்க, கியோண்டோ துறை வரை பார்ஜில் போய், அங்கே இறக்கி, காக்கரெய்க் வழியாக யானை முதுகில் மலையேற்றி, தௌஞ்சின் பக்கம் கொண்டுபோவார்கள். மழை நின்றால் பாதை நன்றாக இருக்கும், ஆனால் ஓடையில் தண்ணீர் இருக்காது. ஆகவே மழைக்காலத்தில்தான் படகு நெடுந்தூரம் மேலே போக முடியும்.

கூலிப்பணமும் அதே படகில்தான் போயிருக்கும். காட்டில் காகித நோட்டு செல்லாது, வெள்ளி ரூபாய்தான் கேட்பார்கள். பெட்டி பெட்டியாக வெள்ளி ஏற்றிய படகில் ஒரு மேஸ்திரியை அனுப்பினார்கள் என்றால், அவர் கணக்குச் சுத்தமானவராக இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனிக்காரனுக்கு உறவாக இருந்திருக்க வேண்டும். இரண்டாவது நடந்திருக்க வாய்ப்பில்லை.